உள்பக்கத்து ஈரம்

பையின் உள்பக்கத்தில் ஈரம் இருந்தது.

விறகு எடுக்க வாசல் அறைக்கு வந்த சாயாரா, கையில் இரண்டு கட்டையோடு அப்படியே நின்றாள். அலமாரியின் மேல்தட்டில் நேற்று அவளே வைத்த பை அது. உள்ளே இருப்பது தெரிகிற தடித்த பிளாஸ்டிக் பை, அதற்குள் முயல்தோலில் தைத்த ஒரு சின்ன உறை, உறைக்குள் அவள் அண்ணன் உய்பானின் சாட்டிலைட் போன். தேடப் போனவர்கள் கொண்டுவந்து கொடுத்த ஒரே பொருள். வாங்கின கையோடு பையில் போட்டு, காற்றைப் பிழிந்து, வாயை முறுக்கி ரப்பர் வளையம் மாட்டி வைத்திருந்தாள். நேற்று அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வாசல் அறையில் அடுப்பு கிடையாது. வெளிக்கதவுக்கும் வீட்டுக்கதவுக்கும் நடுவில் நிற்கிற பலகை அறைதான் அது, சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சோடு. ஆற்று மீனை விறகு போல அங்கே அடுக்கியிருப்பார்கள், பாலை வட்டு வட்டாக உறையவிட்டுக் கோணியில் போட்டிருப்பார்கள். தண்ணீர் தண்ணீராக இருக்க அங்கே வழியே இல்லை. பையில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தால் அவள் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டாள். படிந்திருந்தது தண்ணீர். பொடிப் பொடித் துளியாக, உள்பக்கம் முழுக்க, யாரோ வாயை வைத்து ஊதின மாதிரி.

உறையின் முடியில் பனி ஒட்டியிருந்திருக்கும், அது உருகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்தக் குளிரில் எது உருகும் என்பது அவளுக்கே தெரியும். கட்டைகளை அணைத்துக்கொண்டு, பைக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டிலேயே நடந்து, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

இந்த ஊரில் ஜனவரி மாதம் போனை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லை புத்தி பேதலித்தவன். போன் இருக்க வேண்டிய இடம் நெஞ்சு, தோலை ஒட்டி. சார்ஜர் வயரை வெளியே பிரிக்கவே கூடாது, சேமியா போல ஒடிந்துவிடும். சாயங்காலமானால் கார் பேட்டரியைக் கழற்றி, பச்சைப் பிள்ளையை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்தி வீட்டுக்குள் கொண்டுவந்து விடுவார்கள். இதெல்லாம் லேனா ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு நடை பழகும்போதே வந்துவிடும். வராதது பொறுமைதான். குளிரில் கிடந்த சாமானை உள்ளே கொண்டுவந்ததும் ஆசையாகப் பிரித்து, பட்டனை அமுக்கி, உள்ளே நீர் கோத்து அது செத்தபிறகு, சாயாராவிடம் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்.

சாயாரா பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். ஊர் போன்களுக்கும் அவளிடம்தான் வைத்தியம். மருந்து ஒன்றே ஒன்றுதான்: வேர்த்து முடியட்டும். முதலில் பைக்குள் கட்டி வாசல் அறை. அப்புறம் உள்ளே, கதவோரம், தரையில். அங்கே வீட்டின் ஈரமெல்லாம் பையின் வெளிப்பக்கம் வந்து துளித்துளியாகப் படியும், உள்ளே சாமான் உலர்ந்தே இருக்கும். அந்த வேர்வை தானாகக் காய்ந்தபிறகு மேசை. அதற்கப்புறம்தான் பிரிப்பது. "சாயாரா வீட்டுல போனுக்குத்தான் உபசாரம், நமக்கு ஒரு டீகூடக் கிடையாது" என்று பக்கத்து வீட்டு மத்ரோனா அக்கா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். டிவி மாதிரிப் பெரிய சாமான் வந்தால் சுற்றுவதற்காக வாசல் அறை மூலையில் ஆள் உயரப் பிளாஸ்டிக் தாள் சுருள் ஒன்று எப்போதும் சாத்தி நிற்கும்.

வேர்வை வெளிப்பக்கம்தான் வர வேண்டும். உள்பக்கம் வரவே கூடாது.

உய்பானும் அவள் புருஷன் கவ்ரீலும் ஒரே லாரியில் போனவர்கள். உறைந்த ஆற்றின் மேல் போகிற பனிச்சாலையில், மேற்கே கலைமான் மேய்ப்பவர்களின் ஊருக்கு மாவும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சாட்டிலைட் போன். அந்தக் காட்டில் வேறெந்தப் போனும் எடுக்காது. கிளம்புகிற அன்று சாயாராதான் பங்கு பிரித்தாள். போன் உய்பானின் கழுத்தில், முயல்தோல் உறையில். அதன் பேட்டரி கவ்ரீலின் கக்கத்தில், பனியனோடு அவளே தைத்துக் கொடுத்த பையில். கவ்ரீலுக்கு எப்போதும் கொதிக்கிற உடம்பு, பேட்டரிக்கு அது நல்லது என்று காரணம் சொன்னாள். உள்காரணம் வேறு. இரண்டும் ஒருவனிடமே இருந்தால் அவன் தனியாகப் போய்விடலாம். பிரித்துக் கொடுத்தால் ஒருவனை விட்டு ஒருவன் அசைய முடியாது.

உய்பானுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. கிண்டல்காரன்.

"பாத்தியா மாப்ள, என் தங்கச்சி நம்ம ரெண்டு பேரையும் முடிச்சுப் போட்டுட்டா. இனிமே நீ ஒண்ணுக்குப் போனாலும் நான் காவலுக்கு வரணும்."

அவர்கள் பாஷையில் சாயாரா என்ற பேருக்குள் கோடைக்காலம் இருக்கிறது. அண்ணன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, கோடை என்பான். எந்த ஊரிலிருந்து பேசினாலும் முதல் பேச்சு ஒன்றுதான். என்ன கோடை, அடுப்பு எரியுதா?

போனவர்களில் கவ்ரீல் மட்டும் திரும்பி வந்தான். ஜாக்கி நழுவி மச்சானின் கால் நசுங்கிவிட்டது, அன்றைக்கே குழாயில் டீசல் உறைந்து இஞ்சினும் நின்றுவிட்டது என்றான். நடக்க முடியாதவனை லாரிக்குள் போர்த்தி உட்காரவைத்துவிட்டு, வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்க்க ஆற்று வளைவு வரை போனானாம். போகும்முன் பேட்டரியை மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனானாம். போனில் போட்டுப் பார்த்திருப்பான், குளிரில் அது செத்திருக்கும், பாவம் என்றான். தான் வழி தவறி மயங்கி விழுந்ததையும், எவனோ ஒரு வண்டிக்காரன் கண்ணில் பட்டதையும் சொல்லும்போதெல்லாம் அழுதான். சாயாராவும் கூடவே அழுதாள். பனி கடித்த விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்ததால் குதிரைக்கறிச் சாறை அவள்தான் கரண்டியில் எடுத்து ஊட்டினாள். ஒருவனையாவது திருப்பிக் கொடுத்தாயே என்று அடுப்பு நெருப்புக்குப் படையலாக அப்பத்தைப் பிய்த்துப் போட்டவளும் அவள்தான்.

தேடப் போனவர்கள் நேற்று வந்து சொன்னது வேறு விதமாக இருந்தது. லாரிக் கதவுகள் உள்ளேயிருந்து பூட்டியிருந்தனவாம், உடைத்துத்தான் திறந்தார்களாம். ஸ்டியரிங்கில் உறை தொங்கியது. ஆள் இல்லை. கண்ணாடிகளின் உள்பக்கம் மூச்சு உறைந்து விரல் கனத்துக்கு வெள்ளையாக ஏறியிருந்தது. கவ்ரீல் நடந்துபோன பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் ஒரு கண் அளவுக்கு இடம், திரும்பத் திரும்ப விரலால் துடைத்து, தெளிவாக வைத்திருந்தது. பனிமூட்டம் இறங்கிவிட்டதால் தேடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பியிருந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆள் சாகவில்லை என்றும் அர்த்தம் உண்டல்லவா? சாயாரா அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அந்தப் போனுக்கு உயிர் வந்தால் அண்ணன் யாரையாவது கூப்பிட்டானா என்றாவது தெரியும்.

மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் வெளியே இருட்டிவிட்டது. இந்த மாதத்தில் அப்படித்தான். பையை உள்ளே கொண்டுவர வாசல் அறைக்குப் போனபோது, மூலையில் சாத்தியிருந்த பிளாஸ்டிக் சுருள் தரையில் கிடந்தது. நிமிர்த்தி வைக்கத் தூக்கினாள், கனமே இல்லை. பாதிக்கு மேல் யாரோ உருவியிருந்தார்கள். தேடப் போனவர்கள் எதையாவது சுற்ற எடுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். கூரைச் சட்டத்தில் பலகை குளிருக்கு விறைத்து டக், டக் என்று சத்தம் போட்டது. அது தினமும் கேட்கிற சத்தம்தான், இருந்தாலும் அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

பை லேசாகச் சூடாக இருந்தது. தரையில் கதவோரம் வைத்தபிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

கவ்ரீல் அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வந்த நாளிலிருந்து அந்த இடத்தை விட்டு அவன் அதிகம் நகரவில்லை. கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை, பனியனைத் துவைக்கக் கேட்டாலும் கொடுக்கவில்லை. இடது கையை உடம்போடு ஒட்டி இறுக்கியே வைத்திருந்தான். கொதிக்கிற உடம்புக்காரன் இப்படிக் குளிருகிறது என்கிறானே என்று அவள் உருகித்தான் போயிருந்தாள்.

"அத எதுக்கு உள்ள கொண்டாந்த?"

"வேர்க்க வேண்டாமா?"

"செத்த சாமான். குப்பைல போடு. பாக்கப் பாக்க நெஞ்ச அறுக்குது."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. குரல்தான் சரியில்லை. அவன் பையைப் பார்த்தே பேசினான், அவளைப் பார்க்கவில்லை.

மத்ரோனா அக்கா வந்தது அப்போதுதான். கதவு திறந்ததும் வெள்ளைப் புகையாகக் குளிர் தரையோடு உருண்டு வந்தது. அக்கா பூட்ஸைத் தட்டிவிட்டு, சட்டைக்குள் கைவிட்டு ஒரு கிண்ணம் வெண்ணெயை எடுத்துக் கொடுத்தாள். கவ்ரீல் உடனே எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அக்கா அவன் போன திக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கவ்ரீலை ஏற்றி வந்த வண்டிக்காரன் செமியோன் நேற்று அவள் வீட்டில்தான் டீ குடித்தானாம்.

"உனக்குத்தான் தெரியுமே. உன் வீட்டுக்காரன் ஏறினான், ஒரு வார்த்த பேசல, தூங்கிட்டான். மறுநாள் காலைல சாப்பாடெல்லாம் ஆனப்புறம்தான் இன்னொரு ஆளு லாரில இருக்கான்னு சொன்னானாம். செமியோன் தலைல அடிச்சுக்கிட்டான். பயத்துல மூளை ஒறைஞ்சிருக்கும், பாவம். நீ அவன எதுவும் கேட்டுக்காத."

சாயாராவுக்கு அது தெரியாது. தெரிந்தது போலத் தலையாட்டினாள். பனிச்சாலையில் நிற்கிற வண்டியைத் தாண்டிப் போகிறவனுக்கு இந்த ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், அவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். உள்ளே ஆள் உயிரோடு இருக்க, வாயைத் திறக்காமல் தூங்கி வந்தவனுக்கு என்ன பேர் என்று சொல்ல இந்த ஊரில் வார்த்தையே இல்லை. மயங்கி விழுந்தேன் என்றானே. வழி தவறிவிட்டேன் என்றானே. அக்கா போனதும் கதவைச் சாத்தி, அதன்மேலேயே சாய்ந்து நின்றாள்.

காலடியில் பை.

குனிந்து பார்த்தாள். வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது. இத்தனை நேரத்துக்கு அது வேர்த்துக் கொட்டியிருக்க வேண்டும். ஒரு துளி இல்லை. உள்பக்கத்து ஈரம் மட்டும் இருந்தது, அதுவும் ஒரே மாதிரி இல்லை. மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. தூங்குகிற ஆளின் மூக்கருகே கண்ணாடி பிடித்தால் எப்படியோ அப்படி. அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பைக்குள் அது அடங்கவில்லை.

பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரத்தின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. மேலிருந்து கீழே, விரல் அகலத்துக்கு. துளி வழிந்தால் நேராக வழியும். இது வளைந்து வளைந்து ஒரு வட்டமானது. வட்டத்துக்குள் ஈரம் இல்லை. ஒரு கண் அளவுக்கு இடம்.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தவில்லை. கத்தினால் உள்ளறையிலிருந்து கவ்ரீல்தான் வருவான். அவன் வருவதை அவள் விரும்பவில்லை. இந்த ஒரு நினைப்பு, பைக்குள் தெரிந்ததைவிட அவளை அதிகம் பயமுறுத்தியது.

பையை மேசைமேல் வைத்தாள். வேர்த்து முடியவில்லை, தெரியும். ரப்பர் வளையத்தை உருவினாள். உள்ளே இருந்து ஒரு வாசனை வந்தது. டீசல், ஈரக்கம்பளி, அண்ணன் பிடிக்கிற மலிவுச் சிகரெட். உறையைத் தொட்டாள். பைக்குள் அத்தனை ஈரம், முயல்முடி மட்டும் காய்ந்து மெத்தென்று இருந்தது. போனை வெளியே எடுத்தாள். விரலில் ஒட்டிக்கொள்கிற குளிர். இரும்பை நக்கின நாக்கைப் போலத் தோல் பிடித்துக்கொண்டது. உதறித்தான் விடுவித்தாள்.

திருப்பினாள்.

முதுகில் பேட்டரி இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது. காலி.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை. கவ்ரீல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவன் கழட்டிக் கக்கத்துல வச்சிருப்பான்" என்றான். "சூடு பண்ண. எல்லாரும் செய்யறதுதானே."

நம்பக்கூடிய பதில்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நம்பியிருப்பாள். சாயாரா எழுந்து அவனிடம் போனாள். அவன் பின்வாங்கவில்லை, அவனால் முடியவில்லை போலிருந்தது. கம்பளிச் சட்டைக்குக் கீழே கையை விட்டாள். பனியன். அவளே போட்ட தையல், அவளே தைத்த பை. அதற்குள் கட்டையாக, தட்டையாக ஒன்று இருந்தது. உருவி எடுத்தாள். அப்போதுதான் இட்ட முட்டையின் சூடு.

வெளியே ஏதோ கூரையிலிருந்து சரிந்து விழுந்தது. இரண்டு பேரும் திரும்பவில்லை.

"கைல குடுத்தேன்னு சொன்ன."

கவ்ரீலின் உதடு துடித்தது. வளைவு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனான் என்றான். சத்தியமாகத் திரும்புகிற எண்ணம்தான் இருந்தது. போனவுடனே கிளைப்பாதையிலிருந்து ஊர்ப்பக்கம் திரும்புகிற வண்டி விளக்கு தெரிந்தது, ஓடினான்.

"பேட்டரி உன்கிட்ட இருக்குன்னு எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"வண்டில ஏறும்போதே."

அவன் தொடர்ந்தான். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. செமியோனே டீசல் போதாது போதாது என்று புலம்பிக்கொண்டு வந்தானாம். இன்னொருவன் இருக்கிறான் என்று சொன்னால் வண்டியைத் திருப்பியிருப்பான். திருப்பினால் மூன்று பேரும் நடுவழியில் நின்றிருப்பார்கள். விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், மச்சான் கெட்டி உடம்பு, ஒரு ராத்திரி தாங்குவான் என்று நினைத்தானாம்.

"கதகதப்பா இருந்துச்சு சாயாரா. உள்ள ஏறினதும் அவ்வளவு கதகதப்பா இருந்துச்சு. தூங்கிட்டேன்."

"இத ஏன் இன்னும் கக்கத்துல வச்சிருக்க?"

"எடுத்தா குளிருது" என்றான். சின்னப் பையன் மாதிரி அழுதான். "எடுத்துட்டா நெஞ்சு வரைக்கும் ஏறுது. குடு. குடுத்துரு."

ஒரே படுக்கையில் இத்தனை வருஷம் படுத்தவன். அவளை ஏமாற்றினான், அவள் கையாலேயே சாறு குடித்தான், அவள் அண்ணனுக்காக அவளோடு சேர்ந்து அழுதான். அவன் ஓடிப்போகக் கூடாது என்று அவள் போட்ட முடிச்சை எடுத்து அண்ணன் கழுத்தில் சுருக்கு மாட்டிவிட்டு வந்திருக்கிறான். அவளுக்கு உடம்பு முழுக்க எரிந்தது. அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அப்போது போன் அடித்தது.

மேசைமேல். முதுகில் பள்ளத்தோடு, கவிழ்ந்து கிடந்த போன். திரையில் வெளிச்சம் இல்லை. வானம் தெரியாத இடத்தில் அது ஒருநாளும் அடித்ததில்லை. கூரைக்குக் கீழே அது வெறும் செங்கல். பேட்டரி அவள் கையில் இருந்தது. அவள் உள்ளங்கையில். சூடாக.

அடித்தது.

கவ்ரீல் சுவரோடு ஒட்டினான். எடுக்காதே என்று தலையை ஆட்டினான். அவன் அப்படி ஆட்டியிராவிட்டால் அவள் எடுத்திருக்க மாட்டாள்.

எடுத்தாள். எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. காதோரம் குளிர் குத்தியது. முதலில் காற்று. பிறகு மூச்சு. நீளமாக, நிதானமாக.

"என்ன கோடை, அடுப்பு எரியுதா?"

"எரியுதுண்ணா" என்று சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது.

"மாப்ள வந்து சேந்துட்டானா? நல்லா இருக்கானா? அவனத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன். வளைவுக்குப் போனவன் இன்னும் காணோம்."

"அண்ணா…"

"பேட்டரி பத்தி பயப்படாத. அது அவன்கிட்ட இருக்கு. அவன் கக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆகாது. அவன் வந்ததும் உனக்குப் பேசறேன்."

குரலில் கோபம் இல்லை. சந்தேகம்கூட இல்லை. லாரிக்குள் உட்கார்ந்து விரலால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, மாப்பிள்ளை வருகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆமாம் அண்ணா, வந்துவிடுவான், நீ தூங்கு என்று சொல்லியிருக்கலாம். அது தர்மமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் இந்த வீட்டில் இன்னொரு பொய்யைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணனை ஏமாற்றின கூட்டத்தில் தானும் ஒருத்தியாக அவள் தயாராக இல்லை.

"அவன் வரமாட்டான்ணா. உன்ன விட்டுட்டு வந்துட்டான். இங்கதான் இருக்கான். பேட்டரி என் கைல இருக்கு."

மூச்சு நின்றது.

கவ்ரீல் முனகினான். அடுப்பில் ஒரு கட்டை பிளந்து பொறி பறந்தது. மறுமுனையில் ஒன்றும் இல்லை. காற்றுகூட இல்லை.

"அப்படியா" என்றது குரல். இந்த முறை அதில் கிண்டல் இல்லை. அண்ணனின் குரல்தான், ஆனால் சிரிக்கத் தெரியாத அண்ணன்.

"எங்கண்ணா இருக்க?"

"வாசல் அறைலதான். நேத்துலேருந்து. நீதானே சொல்லுவ, குளுர்லேருந்து வந்தா நேரா உள்ள வரக் கூடாதுன்னு." மூச்சு மறுபடி தொடங்கியது. முன்னைவிடப் பக்கத்தில். "வேர்த்து முடியட்டும். வரேன்."

போன் அணைந்தது. அணைய அதில் ஒன்றும் எரியவில்லை, ஆனாலும் அணைந்தது தெரிந்தது. சாயாராவின் கை, வருஷக்கணக்கான பழக்கத்தில், பேட்டரியைப் பள்ளத்தில் பொருத்தியது. திரை பச்சையாக வந்தது. நிறைய சார்ஜ் இருந்தது. சிக்னல் இல்லை. சாதாரணப் போன்.

அதன்பிறகுதான் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம். பிளாஸ்டிக் கசங்கும் சத்தம். மெதுவாக. ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தபடி நெளிவது போல.

"தெறக்காத" என்றான் கவ்ரீல். அவன் மூச்சு வெள்ளையாக வந்தது. அடுப்பு எரிகிற வீட்டில். கட்டுப் போட்ட விரல்களின் நுனியில் பனி பூத்திருந்தது. "சாயாரா. என் தங்கமே. தெறக்காத."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயத்துக்கு மேலே வேறொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அது அவனைத் திரும்பிப் பார்க்க விடவில்லை.

தாழ்ப்பாளை எடுத்தாள். கதவு ஈரத்தில் ஊறினது போல ஒட்டிக்கொண்டு, இழுத்தபின் வந்தது.

குளிர் வரவில்லை. வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது, சிகரெட் வாசனையோடு.

வீட்டு வெளிச்சம் பெஞ்சு வரை விழுந்தது. பெஞ்சில் ஓர் ஆள் உயரத்துக்கு, தலை முதல் கால் வரை, சுற்றுச் சுற்றாகப் பிளாஸ்டிக் தாள். டிவியைச் சுற்றும்போது அவள் மடிக்கிற மாதிரியே மடித்து, ஓரங்களைச் செருகி, காற்றுப் போகாமல் சுற்றியிருந்தது. ஒரு கால் கோணலாக நீட்டியிருந்தது. வெளிப்பக்கம் உலர்ந்து பளபளத்தது. உள்பக்கம் முழுக்க ஈரம். முகம் இருக்கிற இடத்தில் ஈரம் மங்கியது. தெளிந்தது. மங்கியது.

சாயாரா ஓரமாக ஒதுங்கினாள். வாசலுக்கும் கவ்ரீலுக்கும் நடுவில் இப்போது யாரும் இல்லை.

தாளுக்குள் ஒரு கை எழுந்தது. கருத்த விரல் ஒன்று பிளாஸ்டிக்கில் பட்டு, மெதுவாக, வட்டமாகத் துடைத்தது. ஒரு கண் அளவுக்கு.

கண் வந்து அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. இமைக்கவில்லை. அது அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, கவ்ரீலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாளின் வெளிப்பக்கத்தில் முதல் வேர்வைத் துளி அரும்பியது.